‘கண்டினியூஸ்’ எழுதிய நாச்சிமுத்து

நாச்சிமுத்து காலமானார் என்று முள்ளுக்குறிச்சியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, இதையாவது நம்பலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அவரைச் சந்தேகப்பட்டே பழகியவன் நான்.

எங்கள் ஆபீஸில் அவர் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. கொல்லிமலைக்காரர்கள் சொல்வதை வெள்ளைக்கார அதிகாரிக்காக இங்கிலீஷில் எழுதுவார். அடுத்த மேஜை என்னுடையது. சொற்களில் அவர் கறார். "கண்டினியூஸ்னா நடுவுல அறாம நடக்கறதுங்க. மழை உட்டு உட்டுப் பேஞ்சா அதைப் போடக்கூடாதுங்க" என்று என் நகல்களைத் திருத்துவார்.

ஒரு வருடம், இடைவிடாமல் பயிரிட்ட நிலத்துக்கே பட்டா, மற்றதெல்லாம் சர்க்கார் காடு என்று உத்தரவு வந்தது. தேவனூர் நாட்டு விவசாயி பெரியண்ணன் மலையிறங்கி வந்து, "மூணு வருசம் சாமை போடுவோங்க. அப்புறம் ரெண்டு வருசம் மண்ணைச் சும்மா உடுவோங்க" என்றார். நாச்சிமுத்து கூசாமல் ‘கண்டினியூஸ்’ என்று எழுதினார்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. என்ன வாங்கினாரோ? அவர் பையைக்கூட எட்டிப் பார்த்தேன், வெற்றிலைதான் இருந்தது. அப்படியும் மனம் ஆறாமல் ஊர்க்காரர் யாரோ எழுதியதுபோல அதிகாரிக்குத் தமிழில் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டேன்.

விசாரணை வந்தது. பெரியண்ணனுக்கு நிலம், இவருக்கு வேலை, இரண்டும் போகும் நிலை. "நிலத்தை வந்து பாருங்கள்" என்றார் நாச்சிமுத்து. நானும் மலையேறினேன். நிலம் புதர் மண்டிக் கிடந்தது. உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

பெரியண்ணன் புதரை விலக்கினார். மூன்று கற்கள், நடுவே புதுச் சாம்பல். "வெதைக்காத வருசமும் மொதப் பொங்கல் இங்கதானுங்க. வெக்காம உட்டாத்தான் நெலத்தைக் கைவுட்டோமுன்னு அர்த்தம். வெச்சுட்டா வேற ஒருத்தரும் இங்க மம்முட்டி போட மாட்டாங்க."

இந்த வழக்கம் தெரிந்தேதான் நாச்சிமுத்து எழுதியிருக்கிறார். அதிகாரி குனிந்து சாம்பலைத் தொட்டுப் பார்த்து, ‘கண்டினியூஸ்’ சரிதான் என்று எழுதினார். பட்டா கிடைத்தது.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கடுதாசி விஷயம் இவருக்குத் தெரியுமோ என்ற புதுச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. வருடக்கணக்காக அவர் சிரித்தாலும் பார்ப்பேன், சிரிக்காவிட்டாலும் பார்ப்பேன்.

நேற்றுத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி சொன்னார்: "அந்தக் கடுதாசிய இங்கிலீஷ்ல எழுதச் சொல்லி தொரை இவருகிட்டத்தானுங்க குடுத்தாரு. உங்க எழுத்துன்னு அன்னிக்கே கண்டுக்கிட்டாரு. ஒரு வரி கொறைக்காம எழுதிக் குடுத்தாருங்க. ஏன் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலீன்னு நான் கேட்டதுக்கு, கேட்டுட்டா சின்னசாமி எப்படி பக்கத்து மேசையில உக்காருவாருன்னாருங்க."

நாச்சிமுத்து அவர்களே, எழுதியவன் நான்தான். இந்த முறை பெயர் போடுகிறேன். போய் வாருங்கள்.

சின்னசாமி