கியர்பாக்ஸுக்குள் செம்மணல்

1951-ம் வருடம், ஆடியில் தொடங்கி ஓணத்தில் முடிந்த விஷயம் இது. இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்ததால் ஓணத்துக்குப் பள்ளிக்கூடம் பத்து நாள் விடுமுறை. நான் பி.ஏ. முடித்து, ஓர் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நிறையப் படித்தவன் என்று ஊர் நினைத்தது. ஊரைவிட நான் அதிகமாக நினைத்தேன்.

அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் மாமா குமாஸ்தா. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது தன் பழைய மோட்டார் சைக்கிளை அவரிடம் விட்டுப் போனார். மாமாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வண்டியையும் அதனுடன் இருந்த இங்கிலீஷ் கையேட்டையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி எனக்கு அனுப்பிவிட்டார். இஞ்சின் நன்றாக இருந்தது. கியர்பாக்ஸ்தான் போயிருந்தது. இரண்டாவது கியரில் மூன்று பற்கள் உடைந்து, அந்தத் துண்டுகள் உள்ளேயே கிடந்து உருண்டு மற்றவற்றையும் கடித்து வைத்திருந்தன.

என்னோடு நாலாம் பாரம் வரை ஒரே பெஞ்சில் இருந்த நண்பன் ஒருவன். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லையில் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்த்தவன். திரும்பி வந்தபின் அந்தக் கைக்கு இங்கே வேலை இல்லை. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் சாக்குச் சுமந்துகொண்டிருந்தான். அந்தக் கருமணல் சாதாரண மணல் இல்லை. சின்னச் சாக்குகூட ஆளை மண்ணில் அழுத்தும். இரண்டே வருடத்தில் அவனுடைய வலது தோள் இறங்கிவிட்டது. கையை முழுக்க உயர்த்த முடியவில்லை. இன்னும் ஒரு வருடம் இப்படிச் சுமந்தால் ஸ்பானர் பிடிக்கக்கூட அந்தக் கை உதவாது என்று அவனே சொன்னான்.

தக்கலையில் இருந்த ஒரு பஸ் முதலாளிக்கு ஓணம் கழிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு மெக்கானிக் வேண்டியிருந்தது. நண்பன் போய்க் கேட்டான். முதலாளி சிரித்தாராம்.

"பட்டாளத்துல சோறு பொங்கினவனும் ஊருக்கு வந்தா மெக்கானிக்குன்னுதான் சொல்லுகான். நம்ம சாரு வீட்டுல துரைக்க வண்டி ஒண்ணு செத்துக் கெடக்காமே? அத உயிரோட இங்க ஓட்டிட்டு வா. பொறவு பேசுவோம்."

அப்படித்தான் என் வண்டியும் அவன் பிழைப்பும் ஒன்றாகிப் போயின.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். நெல் காயப்போடும் பனம்பாயை அம்மாவிடம் கெஞ்சி வாங்கி, அதில் கியர்பாக்ஸைப் பிரித்துப் பரப்பினோம். கழற்றிய வரிசையிலேயே சாமான்களை அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுண்ணாம்பால் எண் போடச் சொன்னான். அவனுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான் கையேட்டை வாசித்து அர்த்தம் சொல்லுவேன். பாதி கேட்கும்போதே அவன் கை அதைச் செய்து முடித்திருக்கும். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடைந்த கியருக்குப் பதிலாகத் திருவனந்தபுரத்தில் பட்டாளத்துப் பழைய சாமான் குவியலை ஒரு பகல் முழுக்கக் கிளறி, பல் எண்ணிக்கை சரியாக இருக்கும் கியர் ஒன்றை அவன் கொண்டுவந்தான்.

கியர்பாக்ஸைத் திரும்பக் கூட்டுவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் சொன்னான்.

"எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவி, ஆமணக்கெண்ணெய் பூசி மூடி வை மக்கா. வேற ஒண்ணும் செய்யாண்டாம், கேட்டியா?"

நான் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பாகங்களை மிக நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியும் கியர்கள் கறுப்பாகவே இருந்தன. தண்டுகள் சுழலும் வெண்கல வளையங்கள், அதாவது புஷ்கள், பாசி பிடித்த மாதிரி இருந்தன. இதுவா நன்றாகச் சுத்தம் செய்தது என்று தோன்றியது. கிணற்றடியில் அம்மா குத்துவிளக்கு தேய்க்கப் புளியும், ஒரு தகர டப்பாவில் செம்மணலும் வைத்திருந்தாள். ஆடி மாதக் கடல் கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் மணல் அது. மாவு மாதிரி இருக்கும். ஆனால் இரும்பையே அறுக்கும். எங்கள் பக்கத்தில் விளக்கையும் உருளிப் பாத்திரத்தையும் அதைக் கொண்டுதான் தேய்ப்போம். அதை அம்மாவுக்குக் கொண்டுவந்து தந்ததே நண்பன்தான்.

புளியும் மணலும் வைத்து எல்லாவற்றையும் தேய்த்தேன். புஷ்கள் பொன்னாகப் பளபளத்தன. வெள்ளிக்கிழமை விளக்குகூட அப்படி மின்னியதில்லை. தண்ணீரில் அலசி, எண்ணெய் பூசி, வாழையிலையால் மூடிவைத்தேன். அவன் வந்து ஆச்சரியப்படுவான் என்று காத்திருந்தேன். எண்ணெய்ப் பூச்சு தடிமனாக இருந்ததால் மறுநாள் அவன் எதையும் கவனிக்கவில்லை. கூட்டிவிட்டான். நானும் சொல்லவில்லை. ஓடி ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

விடுமுறை தொடங்கிய முதல் நாள் தக்கலைக்குப் புறப்பட்டோம். அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒர்க்‌ஷாப்பு வாசலில் முதலாளியும், டிரைவர்களும் கண்டக்டர்களும் நின்றிருந்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று அவன் மூன்றாவது கியர் போட்டான். அம்மியில் கல்லை அரைத்த மாதிரி ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. இருவரும் ரோட்டில் விழுந்தோம்.

"நல்ல பொங்கலாக்கும் பொங்கியிருக்கான்!" என்றார் முதலாளி. கண்டக்டர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சத்தம் கேட்ட நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிணற்றடித் தகர டப்பா கண்முன் வந்தது. வாயைத் திறக்கவில்லை. பதிலாக வேறொன்று செய்தேன். முதலாளியைத் தனியாக அழைத்து, "இவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சரிசெய்துவிடுவான்" என்று மன்றாடினேன்.

"சாரு கேட்டா மறுக்க முடியுமா? சாருக்க முகத்துக்காக ஒரு தடவ" என்றார்.

என் தப்புக்கு அவனைக் குற்றவாளியாக நிற்கவைத்துவிட்டு, அவனுக்காகப் பரிந்து பேசியவன் என்ற நல்ல பெயரையும் வாங்கிக்கொண்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிய வழியெல்லாம் அவன் எனக்கு நன்றி சொன்னான்.

மறுநாள் பிரித்தோம். மூன்றாவது கியரின் புஷ் தண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. எண்ணெய் போகும் பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நகத்தின் நுனியில் சிவப்புத் துகள்கள் நாலைந்து.

"இது ரோட்டு மண்ணு இல்ல மக்கா. கடலு மண்ணு. உனக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியாதே" என்றேன். அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"செரி, அப்பம் எனக்க கைப்பிழைதான்" என்று சொல்லி, நகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டான். இத்தனை வருடத்தில் நான் சொன்ன பொய்களில் என்னைத் துரத்திக்கொண்டே இருப்பது அந்த ஒற்றைச் சொல்தான்.

மீதி ஒன்பது நாள். நான் வாழ்க்கையில் அப்படி உழைத்ததில்லை. குற்ற உணர்ச்சி ஆளைத் தூங்கவிடாது என்பார்கள். என்னை அது நன்றாகவே வேலை வாங்கியது. புஷ் புதிதாகச் செய்தாக வேண்டும். அம்மாவிடம் ஓட்டை விழுந்த வெண்கல உருளி ஒன்று இருந்தது. அதை உருக்கிக் கட்டையாக வார்த்து, நாகர்கோவிலில் குத்துவிளக்கு கடைகிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஒருவர் கயிற்றை இழுக்க, இன்னொருவர் உளி பிடிக்கிற கடைசல் இயந்திரம்.

"விளக்குத் தண்டு கடைஞ்சிருக்கேன், கிண்டிக்கு மூக்கு வச்சிருக்கேன். இது என்னவே, மோட்டாருக்கு மோதிரமா?" என்றார் ஆசாரி.

"கல்யாணம் கழிஞ்சா வண்டியோட வாறோம், அண்ணாச்சி" என்றான் நண்பன்.

கயிற்றை நான் இழுத்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்தன. ஆசாரி கண்ணளவில் கடைந்தது தலைமுடி அளவுதான் தப்பியிருந்தது. மீதியை நாங்கள் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். எந்த இடம் உரசுகிறது என்று பார்க்கப் பட்டாளத்தில் நீல மை தருவார்களாம். இங்கே என் தங்கையின் கண்மைச் செப்பை எடுத்துக்கொண்டோம். தண்டில் மையைத் தடவி, புஷ்ஷை மாட்டி ஒரு சுற்று சுற்றி எடுத்தால், மேடான இடத்தில் மை ஒட்டியிருக்கும். அதை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். இரண்டு பகல் அதையே செய்தேன். கடைசியில் மை எங்கும் ஒரே சீராகப் பரவியபோது, அவன் புஷ்ஷை விரலில் ஏந்தி, "பட்டாளத்துலகூட இப்பிடி ஒண்ணு பாத்ததில்ல, மக்கா" என்றான். பி.ஏ. தேறிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. இந்த முறை ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் அவனே மூன்று தடவை கழுவினான்.

விடுமுறையின் கடைசி நாள் காலை. மறுபடியும் தக்கலை. அதே முதலாளி, அதே கூட்டம். இந்த முறை முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பின்னால் ஏறி உட்கார்ந்தார். கனத்த சரீரம், வண்டி ஒரு சாண் இறங்கியது.

"குமாரகோவில் ஏத்தத்துக்கு விடு. நான் சொல்லுகப்பம் நிறுத்தணும்" என்றார்.

நான் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு முன்னாலேயே மிதித்துப் போய், ஏற்றத்தின் அடியில் நின்றேன். வண்டி என்னைக் கடந்து போனது. சத்தத்தை மட்டுமே பின்தொடர முடிந்தது. நாலாவது கியரில் போனது. ஏற்றம் தொடங்கியதும் மூன்றுக்கு இறக்கினான். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அந்த மூன்றுதான். ஒரு கரகரப்பும் இல்லை. வளைவில் இரண்டுக்கு இறக்கினான். வண்டி திரும்பி மரங்களுக்குள் மறைந்தது. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

கியர்பாக்ஸ் மறுபடியும் போய்விட்டது என்றே நினைத்தேன். அவனுடைய இறங்கிய தோள்தான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். கேட்க யாரும் இல்லை.

மறுபடி 'டப்' என்று ஒரு உதை. இஞ்சின் உறுமியது. முதல் கியர், இரண்டு, மூன்று. சத்தம் ஒவ்வொரு படியாக மலை ஏறிப்போவது கேட்டது. முதலாளிதான் செங்குத்தான இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து கிளப்பச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வண்டி இறங்கி வந்தது. முதலாளியின் மேல்துண்டு காற்றில் பறந்துபோய், வெறும் மார்போடு குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். நான் நடுரோட்டில் நின்று, வாத்தியார் என்பதை மறந்து, கத்தினேன்.

"திங்கக்கிழமை காலம்பற வந்துரு" என்று ஒர்க்‌ஷாப்பு வாசலில் வைத்து நண்பனிடம் சொன்னார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பி, "சாருக்குத்தான் இவன் நன்றி சொல்லணும். நீரு வந்து கேக்கலேன்னா, அண்ணைக்கு அவனுக்க கைப்பிழையோட கத முடிஞ்சிருக்கும்" என்றார்.

அந்தப் பாராட்டை என்னால் விழுங்க முடியவில்லை. "அவன் கைப்பிழை இல்லை. விளக்கு தேய்க்கிற மண்ணை வைத்துக் கியரைத் தேய்த்தது நான்" என்று சொல்லிவிட்டேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "பி.ஏ.க்காரரு கியருக்குப் புளி போட்டுத் தேய்ச்சாராம்!" என்று ஒர்க்‌ஷாப்பு முழுக்கச் சொன்னார். அதன் பிறகு பல வருடம் தக்கலையில் எனக்கு அதுதான் பட்டப்பெயர்: புளி சார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில் நண்பன் வண்டியை நிறுத்தினான்.

"அந்த மண்ண உங்க வீட்டுக்குக் கொண்டாந்ததே நான்தானே. எனக்குத் தெரியாதா? பிரிச்ச அண்ணைக்கே தெரியும்."

"பிறகு ஏன் கைப்பிழை என்றாய்?"

"கூட்டுகதுக்கு முந்தி நான் ஒருக்க கழுவியிருக்கணும். அது எனக்க பிழதானே. மீதிய நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." சிரித்துக்கொண்டேதான் கேட்டான்: "ஒண்ணு கேக்கட்டா மக்கா? இண்ணைக்கு வண்டி ஏறாம இருந்திருந்தா, சொல்லியிருப்பியா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. கியர் போட்டான்; அது ஒரு கரகரப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு தன் இடத்தில் விழுந்தது.

பின்னாளில் அவன் அந்த ஒர்க்‌ஷாப்புக்கே தலைமை மெக்கானிக் ஆனான். அந்த வண்டியை நான் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். உருளி வெண்கலப் புஷ் கடைசிவரை தேயவில்லை. அவனும் இப்போது இல்லை. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் நான் தப்புச் செய்தபோதெல்லாம், முடிவு தெரிவதற்கு முன்பே ஒப்புக்கொள்ள முயன்றிருக்கிறேன். சில சமயம் முடிந்தது, பல சமயம் முடியவில்லை. அந்த ஏற்றத்தில் வண்டி ஏறிய சத்தத்தை நினைத்தால் இன்றும் மனம் துள்ளுகிறது. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு "ஆமாம், சொல்லியிருப்பேன்" என்ற பதில் அவன் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் என் வாயில் வரவில்லை.