சட்டையை வெளியே விட்டு வருபவர்

சென்னியப்பன் ஊருக்கு வந்ததும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். என் மேல் பாசமெல்லாம் இல்லை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடக்காலிக் குழாய்க்காக. போட்டிருக்கும் சட்டையைக் கழற்றிப் பைக்குள் கட்டிவைத்து, தலையோடு குளித்து, வேறு உடுத்திய பிறகுதான் பக்கத்திலிருக்கும் தன் வீட்டு வாசலை மிதிப்பார். "ஏனுங்க, பொடனில மண்ணு கிண்ணு இருக்குதா?" என்று குனிந்து பின்கழுத்தைக் காட்டுவார். நானும் பார்த்துத் தொலைப்பேன்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கர், ஒடிசா என்று போகிற பக்கமெல்லாம் ஆழ்துளைக் கிணறு போடுபவர். பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும்தான் வீடு. முன்பெல்லாம் கிளம்பும்போது துவைக்காத சட்டை ஒன்றை வேண்டுமென்றே விட்டுப்போவார். மகன் தர்ஷனும் மகள் தமிழினியும் ஆளுக்கொரு சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் தூங்குவார்கள். அப்பா வாசமாம்! அதில் கல்தூளும் இருந்தது. தமிழினிக்கு இளைப்பு கண்டது, தர்ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ரெண்டு பேரும் படுத்தது ஒரே சட்டைதானுங்களே டாக்டர்?" என்று நாமக்கல்லில் கேட்டிருக்கிறார். உள்ளே போகும் தூசு நுரையீரலை அரிக்காமல் காப்பதற்கென்று உடம்பில் சில நொதிகள் உண்டு, மரபணுவில் உள்ள சின்ன மாறுதலால் சில பிள்ளைகளுக்கு அவை மந்தமாக வேலை செய்யும், இவளுக்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றாராம் டாக்டர். மரபணு அப்பா அம்மாவிடமிருந்து வருவது என்பதும் பேச்சில் வந்திருக்கிறது. திரும்பி வந்தவர் என்னிடம், "குடுத்ததுதான் குடுத்தேன், இதையா குடுக்கோணும்?" என்றார்.

இப்போது வெந்நீரில் அலசிய சட்டைதான் வீட்டில் இருக்கிறது. வாசம் போன அதைத் தமிழினி தொடுவதுகூட இல்லை. "எம்புள்ளைய வந்ததும் வாரித் தூக்கோணும்னு இருக்குதுங்க. தண்ணி ஊத்தறதுக்குள்ள உசுரே போயிருது" என்பார் சென்னியப்பன்.

போன வாரம் எங்கள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த தமிழினிக்கு இருமல் வந்தது. அவள் அம்மா சரிதா ஓடிவந்து மருந்தை உறிஞ்சக் கொடுத்துவிட்டு, சென்னியப்பனை வீடியோவில் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைச்சல்.

"போனை நெஞ்சுல வையி சாமி. உய்யுனு சத்தம் வருதான்னு அப்பா கேக்கறேன்."

எங்கே கேட்கும்? குழி பாதிதான் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் கம்ப்ரசர் காற்றை நிறுத்தினால் அடியில் பாறையை உடைக்கும் சுத்தியல் சிக்கிக்கொள்ளும். ரிக்காரன் எவனும் நிறுத்த மாட்டான்.

"அண்ணா, நிறுத்தாதீங்க! சிக்கிக்கும்!" என்று யாரோ கத்தினார்கள்.

இரைச்சல் அடங்கியது. சரிதா போனின் அடிப்பக்கத்தை மகளின் நெஞ்சில் வைத்தாள். திரையில் சென்னியப்பனின் காது மட்டும் தெரிந்தது.