நிலாவெளிக் கரைக்கு அடித்த நிறம்

காலை ஆறரைக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் நிலாவெளி பஸ்ஸுக்கு நின்றேன். சுவரில் புதிதாக ஒரு சுற்றுலா வரைபடம். கோயில் பக்கம் மஞ்சள்: யாத்திரை. துறைமுகப் பக்கம் பச்சை: திமிங்கிலம் பார்ப்பது. நிலாவெளி நீலம்: கடற்குளிப்பு. மீன்பிடிக்கு நிறமே இல்லை. இதைக் கீறியவன் ஒருநாளும் கரையில் நின்றிருக்க மாட்டான்.

என் தங்கையின் கணவன் யோகன் அந்த நீலத்துக்குள்தான் கரைவலை இழுக்கிறான். குளிப்பவர் யாருக்காவது காயம் பட்டால் வலையை நிறுத்திவிடுவோம் என்று ஹோட்டல்காரர்கள் போன கிழமை சொல்லியிருந்தார்கள்.

பதினைந்து கிலோமீற்றர். போய் இறங்கியபோது வலையைக் கடலில் வளைத்து விட்டிருந்தார்கள். கரையில் இரண்டு கூட்டம் இரண்டு கயிற்றையும் இழுத்தது. அம்பாப் பாட்டுச் சத்தம் இல்லை. அந்தப் பாட்டின் தாளத்தில்தான் இரண்டு பக்கமும் ஒன்றாக இழுபடும்.

"என்னடாப்பா, செத்தவீடு மாதிரி இழுக்கிறியள்?" என்றேன்.

"கத்தாதேங்கோ மச்சான்," என்றான் யோகன். "அம்பா கேட்டால் வெள்ளைக்காரர் கூத்தெண்டு நினைச்சு தண்ணிக்குள்ள இறங்குதுகள்."

பாட்டில்லாமல் ஒரு கயிறு முந்தியது. வலை ஒருபக்கம் சரிந்தது. வேறு வழியில்லை, யோகனே அம்பா எடுத்தான். கயிறுகள் நேராகின. ஹோட்டலில் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு கயிறுகளுக்கும் நடுவே கடலில் இறங்கினாள். அலை அடித்தது. கயிறு அவள் மேலால் போனது. தலையைக் காணவில்லை.

"விடுங்கோடா! கயித்தை விடுங்கோ!" யோகன் கத்தினான்.

எல்லோரும் கயிற்றை விட்டார்கள். யோகன் பாய்ந்து அவளைத் தூக்கினான். கணுக்காலில் சிவப்பாக ஒரு கோடு. இருமிக்கொண்டே சிரித்தாள். கயிறு தளர்ந்ததில் மீன் ஓடிவிட்டது; வலையில் மிஞ்சியது ஒரு கூடை சூடை மீன்.

ஹோட்டல் முகாமையாளர் வந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் அவளின் கணுக்காலைப் பார்த்தார், பிறகு யோகனைப் பார்த்தார்.

"பாட்டு நல்லாயிருக்கு தம்பி. பின்னேரத்தில எங்கட விருந்தாளிகளுக்கு இழுத்துக் காட்ட ஏலுமோ? மீன் தேவையில்லை."

"மீனில்லாமல் வலை என்னத்துக்கு ஐயா?"

"இந்தக் காயத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லாமல் இருக்கிறதுக்கு."

யோகன் தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் வலையை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ஓம் ஐயா," என்றான்.

மத்தியானம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது அந்த வரைபடத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. மீன்பிடிக்கு நிறமில்லை என்று காலையில் கொதித்தவன் நான். இனி அதற்கும் ஒரு நிறம் அடிப்பார்கள்: வேடிக்கை. லிங்கநகரில் நான் குடியிருக்கும் ஒழுங்கைக்கு இன்னும் யாரும் நிறம் அடிக்கவில்லை. அடிக்காமலே விடட்டும்.