மூலையில் திரும்பாத பின்னல்

எங்கள் வீட்டுக் கூடத்துத் தரை மொசைக். பெங்களூரில் எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: சிமெண்டில் சலவைக்கல் சிப்ஸைக் கலந்து கொட்டி, இறுகிய பிறகு மிஷினால் தேய்ப்பது. இது எனக்கும் தெரியும். தெரிந்தும் மேஸ்திரிக்கு அப்படி ஒரு சீட்டை எழுதினேன் என்று நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் விவேக் நகரில் இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மகளின் சரித்திரப் புத்தகத்துக்கு அட்டை போடும்போது ஒரு படம் கண்ணில் பட்டது. ரோமானியர் காலத்து வீட்டின் தரை. நகத்தளவு கல்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, ஓரம் முழுக்க ஜடைப் பின்னல் போட்டிருந்தார்கள். படத்தின் கீழே "ரோமன் மொசைக்" என்று இருந்ததை மகள் படித்துக் காட்டினாள்.

அந்தப் பின்னலை நான் முன்பே பார்த்திருந்தேன். எதிர்வீட்டு கேட்டின் இரும்புக் கிரில்லில். நாங்கள் சாப்பிட உட்காரும் பிளாஸ்டிக் பாயின் ஓரத்தில். அது எப்படி அங்கிருந்து இங்கே வந்தது என்று யாரிடமாவது கேட்க ஆசையாக இருந்தது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஃபாக்டரியில் மிஷின் ஓட்டுகிறவன் இதை யாரிடம் போய்க் கேட்பது? என் கூடத்தில் அது வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

வீடு கட்டும் இடங்களில் கொட்டிக் கிடந்த உடைந்த டைல்ஸைப் பொறுக்கினேன். கறுப்பு, சிவப்பு, வெள்ளை. நான்கு மாதத்தில் ஒரு சிமெண்ட் மூட்டை நிறைந்தது. கட்டம் போட்ட தாளில் பின்னலை வரைந்தேன். நேராகப் போகும்போது சுலபம். மூலையில் திரும்பும்போதுதான் இழைகள் முட்டிக்கொள்ளும். அழித்து அழித்துத் தாளே நைந்துபோனது. கடைசியில் திரும்பிவிட்டது.

மேஸ்திரிக்குக் கணீரென்ற குரல். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பத்து சொல்வார். அதனால் தரை போடும் அன்று, முதல் ஷிப்டுக்குப் போகுமுன், நான் வரைந்த படத்தின் பின்பக்கம் "கூடத்துக்கு மொசைக், படத்தில் உள்ளபடி" என்று எழுதி ஜன்னலில் வைத்து, டைல்ஸ் மூட்டையையும் கூடத்து மூலையில் வைத்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் மனைவியோடு போய்ப் பார்த்தால் கூடம் முழுக்கச் சாம்பல் நிறக் கலவை. இன்னும் ஈரம்.

"மிதிச்சிடாதீங்க சார். சக்கத்தா, சூப்பரா வந்திருக்கு பாருங்க," என்றார் மேஸ்திரி.

"படம்..." என்றேன்.

"எந்தப் படம்? மொசைக்னு எழுதியிருந்தீங்க, போட்டாச்சு."

சீட்டு ஜன்னலிலேயே இருந்தது, எழுத்து மேலே, படம் கீழே. அதன்மேல் டீ கிளாஸ் வைத்த வட்டம்.

"அந்த மூட்டை?"

"ஓட்டுச் சில்லுதானே? மூலையில பள்ளமா இருந்தது சார். கொட்டி இடிச்சு லெவல் பண்ணிட்டேன். ஜல்லிக் காசு மிச்சம் உங்களுக்கு."

மனைவி என் முழங்கையில் இடித்தாள். "சொல்லுங்க. ஈரமாத்தான் இருக்கு, இப்பவே வழிச்சுடலாம்."

மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்குங்க," என்றேன்.

எட்டு வருஷம் கழித்து, கூட வேலை செய்கிறவர் ஹெப்பகோடியில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார். ஹாலுக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். ஓரம் முழுக்க அதே ஜடைப் பின்னல், டைல்ஸில் அச்சடித்தது.

"இது எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கடையில இதான் ஸ்டாக் இருந்தது. ஏன், உங்க வீட்ல என்ன போட்டிருக்கீங்க?"

"மொசைக்."

"ஐயோ, பழசு. அதை எடுத்துட்டு இதைப் போடுங்க."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

நான் மூலைக்குப் போய்ப் பார்த்தேன். பின்னல் திரும்பவில்லை. நடு இழையில் டைல்ஸை வெட்டி, அடுத்ததை அப்படியே ஒட்டியிருந்தார்கள். எப்படித் திருப்புவது என்று எனக்குத் தெரியும்.

"என்ன பாக்கறீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவியிடம் அந்த மூலையைப் பற்றிச் சொன்னேன். எந்த இழை மேலே, எது கீழே என்று விரல்களைப் பின்னிக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"இதை அங்க சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள்.