செல்வி சரியாகத்தான் எழுதியிருந்தார்

கலைச்செல்வி மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் தஞ்சாவூர் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழரைக்கு வந்தது. முதல் ஆளாகக் கைகூப்பும் படத்தைப் போட்டவன் நான். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்றும் எழுதினேன். எழுதக் கூசவே இல்லை எனக்கு. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

திருவாரூர்ப் பக்கத்து உழவர் குழு ஒன்றுக்கு நாங்கள் டேட்டாபேஸ் செய்துகொடுத்தது நினைவிருக்கும். குழுவின் அறுப்பு மிஷின் யார் வயலுக்கு எந்த நாள் வரும் என்று போனில் தகவல் போக வேண்டும். வடிவமைப்பு என் பொறுப்பு. ஊர் ஊராகப் போய் விவரம் வாங்கி ஏற்றுவது செல்வியின் பொறுப்பு. நான் ஒரே டேபிள் போட்டேன்: நிலத்தின் சர்வே எண், அதற்கு எதிரே ஒரு பேர், ஒரு போன் நம்பர்.

செல்வி பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் அப்பா குத்தகைக்கு உழுதவர். “நிலம் வேற, ஆளு வேற சார். பட்டா ஒருத்தர் பேர்ல இருக்கும், உழுறது இன்னொருத்தரா இருக்கும். ஒருத்தரே நாலு ஊர்ல உழுவாரு. குறுவைக்கு ஒரு ஆளு, சம்பாவுக்கு வேற ஆளுன்னுகூட மாறும். நிலத்துக்கு ஒரு டேபிள், ஆளுக்கு ஒரு டேபிள், நடுவுல எந்தப் போகத்துல எந்த நிலத்தை யார் உழுறாங்கன்னு மூணாவது ஒண்ணு போடுங்க.”

“அம்மா தாயே, டேட்டாபேஸ் கேட்டா நில உச்சவரம்புச் சட்டமே போடுவீங்க போலிருக்கே!” என்றேன். அறையே சிரித்தது. “சிரிங்க சார், தை மாசம் அழுவீங்க” என்று அவரும் சிரித்தார்.

என் டேபிளில் ஒரு பேருக்குத்தான் இடம். பட்டாவில் உள்ள பேரையே ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். உழுகிறவர்களின் பேரையும் நம்பரையும் மட்டும் தன் நோட்டில் தனியாக எழுதி வைத்திருந்தார்.

தை மாதம் தகவல் நில உரிமையாளர்களுக்குப் போனது. பக்கிரிசாமி என்பவர் குத்தகைக்கு உழுத நிலத்தின் உரிமையாளர் சிங்கப்பூரில் இருந்தார். மிஷின் வந்த நாளில் வயலில் ஆளே இல்லை. அடுத்த வயலுக்குப் போய்விட்டது. மறுநாள் பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிட்டது.

குழுவின் கூட்டத்தில் தலைவர், “யாரு செஞ்ச தப்பு இது?” என்று கேட்டார். “விவரம் ஏத்தினதுல பிழைங்க” என்றேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். யோசித்துத்தான் சொன்னேன். எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கிரிசாமியிடம் போய், “மன்னிச்சிருங்கண்ணே, அடுத்த தடவை உங்க நம்பருக்கே வரும்” என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். “மொதல்ல டேபிளைப் பிரிங்க சார். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றார். அவர் சொன்ன மாதிரியே மூன்றாகப் பிரித்தேன். அவரை இனி ஊருக்கு அனுப்ப வேண்டாம் என்று குழுவிலிருந்து சொல்லிவிட்டார்கள். வயல் வரப்பில் நின்று ஆட்களோடு பேசுவதில் உயிராக இருந்தவர், அன்றிலிருந்து அலுவலகத்து நாற்காலியோடு கிடந்தார். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. அவர் மறந்துவிட்டார் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

துக்கத்துக்குப் பக்கிரிசாமி வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, “தங்கமான பொண்ணுங்க. ஏதோ ஒரு தடவை பேரை மாத்தி ஏத்திருச்சு. அதைப் போய் மனசுல வச்சுக்க முடியுமா?” என்றார்.

நான் தலையாட்டினேன். அங்கேயும், செல்வியின் உடலுக்கு முன்னாலேயும், தலையாட்டினேன்.

செல்வியின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கிரிசாமி அண்ணே, உங்கள் பேரும் நம்பரும் அதில் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர் தவறு செய்யவில்லை. அவரை நீங்கள் மன்னிக்க எதுவுமே இல்லை. தப்பு செய்தவன் நான்.