கோல் வாசலில் அங்காளம்மன்

இந்த ஊரில் பந்துக்கும் குங்குமம் வைக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட அலமாரியைத் திறந்தால் பந்து பொட்டோடு என்னைப் பார்க்கும். யாழ்ப்பாணத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாத்தியாராக வந்து ஒன்பது வருஷமாகியும் அந்தப் பார்வைக்கு நான் பழகவில்லை. நம்மூரில் கடற்காற்று அடிக்க, பக்கத்துக் கோயிலில் தவில் அதிர, அதைக் காதில் வாங்காமலே கோல் அடித்தவர்கள் நாம். சாமிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு மதில் இருந்தது. இங்கே அந்த மதிலை யாரும் கட்டவே இல்லை.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்டிவனத்துக் கால்பந்து அணியை ரயிலேற்றி விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனேன். ரயில்வேக்காரர்களோடு ஆட்டம். பெட்டி முழுக்க இங்கே மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலை வாசனை, பதினோரு பேருக்கு ஐந்து ஜோடி பூட்ஸ், ஆளுக்கொரு பாட்டு. எங்கள் கோல் வாசலைக் காக்கும் கோலி அங்கமுத்து மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒலக்கூரில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்பவன். பந்து எங்கிருந்து வந்தாலும் அவன் கை அங்கே முன்பே போய்க் காத்திருக்கும். அன்றைக்கு ரெப்ரியாக நிற்கப்போகிற ஆங்கிலோ இந்தியர்தான், எஞ்சின்கள் நிற்கும் விழுப்புரம் லோகோ ஷெட்டுக்குப் போர்மன். அவருக்கு ஒரு கோலி வேண்டும். ஆட்டம் பிடித்தால் ஷெட்டில் வேலை என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் அங்கமுத்து இனி யார் வாசலிலும் கூலிக்குக் காத்து நிற்க வேண்டாம்.

"சார், எங்க மாமன் பம்பை எடுத்துக்கினு பின்வண்டியில வர்றாராம்" என்றான் மெதுவாக. "அந்த அடி கேட்டா எனக்கு உடம்பு நிக்காது. அங்காளம்மா ஆத்தா எம்மேல வந்துடுவா. துரை பார்த்தா வேலை போச்சு. நீங்கதான் சொல்லி நிறுத்தணும்."

மாமன் சின்னசாமி பாதி ஒலக்கூரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இடுப்பில் பம்பை: ஒன்று மரம், ஒன்று பித்தளை, இரண்டு மேளத்தையும் சேர்த்துக் கட்டிய ஒரே கயிறு.

"அண்ணை, இண்டைக்கு ஒருநாள் அடிக்காதேங்கோ" என்று கும்பிட்டேன்.

"இன்னா சார் நீங்க! நம்ம புள்ள ஆடறான், நான் கையக் கட்டிக்கினு நிக்கவா? சரி வுடுங்க. ஆத்தா அடியத் தொடமாட்டேன். கல்யாண அடி மட்டும்தான். சத்தியம்."

அந்தச் சத்தியம் இடைவேளை வரை நன்றாகவே தாங்கியது. ரயில்வேக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். அங்கமுத்து ஏழெட்டைப் பிடுங்கிப் போட்டான். இடைவேளையில் ரயில்வே பாண்டுசெட் வெள்ளைக்கார நடன மெட்டான வால்ட்ஸ் ஒன்றை வாசிக்க, சின்னசாமி பக்கத்தில் போய் நின்று காது கொடுத்தார். ஒரு சுற்று கேட்டார். இரண்டாம் சுற்றில் கல்யாண அடியோடு உள்ளே புகுந்துவிட்டார். கார்னெட்காரருக்குக் கன்னம் சிவந்து சிரிப்பு வந்து ஊதல் தவறியது. எனக்கு இன்றும் அந்த வால்ட்ஸ் நினைவுக்கு வந்தால் பம்பையோடுதான் வரும்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எங்கள் கிளியனூர் தாவீது ஒரு கோல் போட்டுச் சமன் செய்தான். ஒலக்கூர் சனம் துண்டுகளை வானத்தில் எறிந்தது. சின்னசாமியின் வாய் சத்தியத்தை மறக்கவில்லை, கைகள் மறந்தன. அடி மாறியது. நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் மூடியிருந்தது, கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கோல் வாசலில் அங்கமுத்து குடுமி அவிழ்ந்து, கண் செருகி, சுழன்று சுழன்று ஆடிக்கொண்டிருந்தான். அதே நேரம் ரயில்வேயின் முன்வரிசை ஆட்டக்காரன், எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் கோபால் எல்லாரையும் தாண்டி, காலில் பந்தோடு தனியாக வந்துகொண்டிருந்தான்.

வந்தவன் நின்றான். ஒரு காலால் பந்தை மிதித்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான்.

"ஷூட், மேன்!" என்று போர்மன் ரெப்ரி என்பதையும் மறந்து கத்தினார்.

"எப்படி துரை அடிப்பேன்? ஆத்தா நிக்கிறா!" அங்கமுத்துவைப் பார்த்து கோபால், "தாயே, பயர்மேனாவே இருக்கேன், டிரைவர் ஆவேனா, நல்ல வாக்கு சொல்லு" என்றான். ரயில்வேயின் மற்ற ஆட்டக்காரர்களும் பின்னால் வரிசையில் நின்றார்கள். எங்கள் ஆட்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். மணி பார்த்து விசில் ஊதுவதைத் தவிர போர்மனுக்கு வழியில்லை. ஒன்றுக்கு ஒன்று.

விசில் சத்தத்தில் பம்பை ஓய்ந்தது. மோர் விற்ற அம்மாள் ஒருத்தி திருநீறு பூசித் தண்ணீர் தெளிக்க, ஆத்தா மலையேறினாள். அங்கமுத்து புல்லில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். கண்ணில் ஆத்தா இல்லை. வேலை போன பயம்தான் இருந்தது. போர்மன் என்னைத் தனியாக அழைத்தார்.

"மாஸ்டர், உண்மை சொல். இவனுக்கு வலிப்பா? எஞ்சின் பக்கம் வலிப்புக்காரன் நிக்கக்கூடாது."

"இல்லை. அது சாமி."

"எத்தனை நேரம் இருக்கும்?"

"பம்பை நிற்கும்வரை."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் ஷெட்டில் பம்பை கிடையாது. திங்கட்கிழமை வரச்சொல்."

"எடுத்துக்கோங்க துரை" என்றான் கோபால் பின்னாலிருந்து. "நம்ம பக்கம் வந்துட்டான்னா அவன் எதிரே நான் நிக்க வேணாமே!"

சாயங்காலம் ஜங்ஷனில் திண்டிவனம் வண்டியில் மூச்சுவிட இடமில்லை. சின்னசாமி அங்கமுத்துவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்ததால் பம்பை என் மடிக்கு வந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் தனுஷ்கோடி வண்டி நின்றது. அது போய்ச் சேரும் இடத்தில் கப்பல், கப்பலுக்கு அப்பால் நம்மூர். ஒன்பது வருஷமாக அந்த வண்டியைக் கண்டால் கால் தானாக எழும். அன்றும் எழப் பார்த்தது, மடியில் பாரம். இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் எதிரெதிராகக் கிளம்பின. ஒரு முழங்காலில் மரமும் ஒரு முழங்காலில் பித்தளையுமாக, யாரும் தொடாமலே இரண்டும் இரண்டு குரலில் அதிர்ந்துகொண்டிருந்தன. நடுவில் இருந்த கயிற்றை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.