வாயில் கயிறு, கன்னத்தில் லேகியம்

பிள்ளைகளே, அம்மா எந்த டப்பாவை வாங்கினாலும் உங்களைப் பிடித்து நிறுத்தி, "இதுல இன்னா போட்டுக்கீது, படி" என்பாள். நீங்கள் சலித்துக்கொள்வீர்கள். அந்தப் பழக்கம் அவளுக்கு வந்தது ஒரே நாளில். அன்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். பயந்துவிடுவீர்களே என்று அப்போது சொல்லவில்லை.

அம்மா ஏரியில் கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. விடிந்ததும் தெருப் பெண்கள் சேர்ந்து இறங்குவார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்குமே, பிடித்ததைப் போடும் ஓலைப்பறியை எப்படி வைத்துக்கொள்வது? அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். கரையில் நின்று பார்த்தால் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரியும். இறங்கும்வரை சிரிப்பும் வம்புமாக இருக்கும். கயிற்றைக் கடித்ததும் ஏரி முழுக்கச் சத்தம் நின்றுபோகும். அந்த அமைதிக்காகவே நான் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவேன்.

வெகுநேரம் தண்ணீரில் இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்குக் கடைக்கார அக்கா ஒரு லேகியம் விற்றார். மருந்துக்காகக் கொஞ்சம் கஞ்சா இலை சேர்த்தது என்று எல்லோருக்கும் தெரியும். சீல் போட்ட கம்பெனி டப்பா, அதனால் பயமில்லை. ஒருத்தி வாங்கினால் எல்லோருக்கும் உருட்டிக் கொடுப்பாள். நெல்லிக்காய் அளவு உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மேலே கயிற்றைக் கடித்துக்கொள்வார்கள். அது பாட்டுக்குக் கரைந்துகொண்டே இருக்கும்.

அன்று புது டப்பா உடைத்தார்கள். அவர்கள் இறங்கி முக்கால் மணி நேரம் இருக்கும், அக்கா போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

"தம்பி, படகை எடு! சரக்கு அனுப்பினவன் போன் பண்றான். இந்தத் தடவை வந்த டப்பாவுல இலை அளவு மீறிப்போச்சாம். வேற ஊர்ல ஒருத்தரு துன்னுட்டு மயங்கி உழுந்துட்டாராம். ஒண்ணு விடாம திருப்பி வாங்குன்றான்."

"டப்பாவைத்தானே கேக்குறான்? டப்பா இங்க கெடக்குதுக்கா. லேகியம் அங்க கீது" என்று தலைகளைக் காட்டினேன்.

கழியை ஊன்றிப் படகைத் தள்ளினேன். அக்கா முன்னால் நின்று கத்தினார். "துப்புங்கடி! லேகியத்தைத் துப்புங்க!"

ஒருத்தியும் துப்பவில்லை. வாயைத் திறந்தால் கயிறு நழுவும், பறி நீரோட்டத்தில் போய்விடும். காலையில் பிடித்ததெல்லாம் ஏரிக்கே திரும்பிவிடும். எல்லோரும் அக்காவை முறைத்துக்கொண்டு மூக்கால் "ம்ம்?" என்றார்கள்.

அக்கா யோசிக்கவே இல்லை. உடுத்தியிருந்த நல்ல புடவையோடு தண்ணீரில் குதித்தார். ஒவ்வொருத்தியிடமும் போய்க் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "இப்போ துப்பு" என்றார்.

வாய் கிடைத்ததும் ஒருத்தி ஆரம்பித்தாள். "இன்னாக்கா, வித்ததைத் திருப்பிக் கேக்குற கடைக்காரியை இப்பத்தான் பாக்குறேன்."

"பேசாத, வாயைக் கொப்புளி. வாயா அது, வண்டிச் சக்கரம்."

அக்காவின் இரண்டு கையிலும் பறிகள் கொத்தாகத் தொங்கின. நான் தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உங்கள் அம்மா மட்டும் இல்லை.

தூரத்தில், படகு போகும் ஆழமான ஓடைப் பக்கம், ஒரு பறி தனியாக மிதந்தது. அதற்கும் அப்பால் அம்மா. பறி போனதுகூடத் தெரியாமல், வெறும் வாயோடு சிரித்துக்கொண்டு ஓடையை நோக்கியே நகர்ந்துகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் காலுக்குத் தரை கிடைத்திருக்காது. கழியைப் போட்டுவிட்டு நீந்திப் போய் அவள் தோளைப் பிடித்தேன்.

"இன்னாய்யா, இறாலெல்லாம் என்னைப் பாத்து சிரிக்குது" என்றாள். அடுத்த நிமிஷம், "நெஞ்சு அடிச்சிக்குதுய்யா, உட்டுடாத" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ சாப்டாங்க? டப்பா இருக்கா?" கரைக்கு வந்ததும் அக்கா மறக்காமல் டப்பாவை எடுத்து இடுப்பில் செருகியிருந்தார். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு தடவைக்குக் கால் ஸ்பூன்னு போட்டிருக்கு."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நல்ல சரக்காக இருந்தபோதும் நெல்லிக்காய் நெல்லிக்காயாகத்தான் உள்ளே போயிருக்கிறது. அந்த எழுத்தை எங்கள் தெருவில் யாரும் படித்ததில்லை. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் படித்ததில்லை.

அம்மா அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஈரப் புடவையோடு வாசலிலேயே இருந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னால், "எழுந்திருக்கட்டும் தம்பி" என்பார், வேறு பேச்சில்லை.

சாயங்காலம் அம்மா கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"என் பறி எங்கய்யா?"

வாசலில் இருந்து அக்காவின் குரல் வந்தது. "இந்தா கீதுடி. அப்பவே நீந்திப் போயி எடுத்தாந்துட்டேன். ஒரு இறால் கூடக் கொறையல."

அம்மா கையை நீட்டிப் பறியை வாங்கிக்கொண்டாள். பழக்கத்தில் கயிற்றை வாய்க்குக் கொண்டுபோனாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, கயிற்றைக் கீழே விட்டுவிட்டு, தலைமாட்டில் கிடந்த அந்தக் காலி டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல இன்னா போட்டுக்கீது, படி."